பல்லுல புழு

"பல்லுல புழு விழுந்துருச்சு கண்ணு, புடுங்கிப் போட்றலாம்." திருமுருகன்பூண்டியில் அம்மாயி சொன்ன தீர்ப்பு. ஏற்கெனவே ரூட் கெனால் பண்ணின பல். வேர் நுனியில் மறுபடியும் சீழ்.

சரி, சரித்திரத்தைத் தோண்டினேன். நுண்ணோக்கியில் பார்த்தும் புழுவைக் காணோம்னு 1728-லேயே ஃபிரெஞ்சு வைத்தியர் பியேர் ஃபோஷார் எழுதிட்டார். 1838-ல் அமெரிக்காவின் எட்வர்ட் மேனார்ட் கடிகார ஸ்பிரிங்கை அராவி, வேர்க்குழாயைச் சுத்தம் பண்ண ஊசி செய்தார். 1867-ல் போமன் அந்தக் குழாயை அடைக்க எடுத்தது கட்டாபெர்ச்சா, மலாய்க் காட்டு மரப்பால். கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட்டதும் அதே பால்தாங்க!

1910-ல் மான்ட்ரியலில் வில்லியம் ஹண்டர், வாயில் தேங்கும் சீழ்தான் பல நோய்க்கு மூலம்னு பேச, காப்பாத்தக்கூடிய பற்களையும் பல வருஷம் பிடுங்கித் தள்ளினார்கள். ஆராய்ச்சிகள் அதை ஆதரிக்காததால் அந்த வேகம் மெல்ல அடங்கியது.

இப்போ முதலில் பழைய அடைப்பை எடுத்து மறுபடி சுத்தம் செய்து பார்க்கிறார்கள். அதுவும் சரிப்படலைன்னா ஈறைத் திறந்து, வேர் நுனியில் சுமார் 3 மி.மீ. வெட்டி, பின்பக்கமாக எம்.டி.ஏ. அடைக்கிறார்கள். 1990-களில் வந்த சரக்கு. வீடு கட்டுற போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குச் சொந்தக்காரன்.

எனக்கும் அதேதான். பல் தப்பிச்சது.

"புழு செத்துச்சா?"ன்னாங்க அம்மாயி.

செத்துச்சுன்னு சொல்லிட்டேன்.