கொள்ளைநோய்க் காலமும் நகராட்சியின் அதிகாரமும்

பேரிடர் நேர்ந்த காலத்தில் ஆள்வோர் கையில் தனி அதிகாரம் சேர்வது இயல்பு. வெள்ளம் வீதியில் புகுந்த பின்னர், கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்து முடிவு பிறக்கட்டும் என்று எவரும் காத்திருக்க இயலாது. ஆயினும் அவ்வதிகாரம் எவர் கையில் சேர்கிறது, எத்துணைக் காலம் அங்கே தங்குகிறது, அதனால் நலிவுற்றோர் எங்கே சென்று முறையிடுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே, அது நன்மையா தீமையா என நாம் கூறமுடியும். இவற்றை ஆராய வேற்று நாடுகளின் வரலாற்றைப் புரட்ட வேண்டுவதில்லை. நாம் குடியேறி வாழும் இம்மும்பை மாநகரின் வரலாறே போதிய சான்று தரும்.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் மக்கள் காய்ச்சலுற்று மடியத் தொடங்கினர். மருத்துவரும் மாநகராட்சி உறுப்பினருமான அகாசியோ கபிரியேல் வியேகாஸ் அதனைப் பிளேக் நோய் என்று கண்டு அறிவித்தார். அக்காலத்து மாநகராட்சி 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கி வந்தது. நிருவாக அதிகாரம், அரசு நியமித்த ஆணையாளரின் கையில் இருந்தது. கொடிய நோய் பரவும்போது அரசின் இசைவுடன் தனி நடவடிக்கை எடுக்க அச்சட்டம் அவருக்கு வழி செய்திருந்தது. அவ்வழியைப் பற்றிக்கொண்டு, ஆணையாளர் ஸ்னோ அக்டோபர் 6-ஆம் நாள் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். வீடு புகுந்து தூய்மை செய்யவும், நோயாளியை வலிந்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும் அது அதிகாரம் கோரிற்று.

நோக்கம் நல்லதே. ஆனால் சாதியும் சமயமும் வேறுபட்டோர் ஒரே கூடத்தில் கிடக்கவேண்டிய மருத்துவமனை, அந்நாளைய மக்களுக்கு மரண வாயிலாகத் தோன்றிற்று. அக்டோபர் 29-ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் பெருங்கூட்டமாகத் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். ஆணையாளர் தமது விதிகளைத் தளர்த்தினார். அதற்கு அவர் காட்டிய காரணம் நாம் கருதத்தக்கது. துப்புரவுத் தொழிலாளர் அஞ்சி ஊரை விட்டு ஓடிவிட்டால் நகரமே நாறி அழியும் என்பதே அவரது கவலை. ஆணை பிறப்பித்தவர் எவராயினும், அதனை நிறைவேற்றும் கைகள் எளிய மக்களுடையவை அல்லவா? அவர்கள் ஒத்துழையாதபோது அறிவிப்பு வெறுங்காகிதமே. அடுத்த சில திங்களில் நகர மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளியேறிவிட்டனர்.

1897 பிப்ரவரி 4-ஆம் நாள் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. மிகச் சிறிய சட்டம் அது. அதன் பிரிவுகளோ நான்கே. நடப்பிலுள்ள சட்டங்கள் போதா எனக் கருதினால் அரசு எவ்வித விதியும் வகுக்கலாம் என்றது ஒரு பிரிவு. மீறினால் தண்டனை என்றது மற்றொன்று. நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக எவர்மீதும் வழக்குத் தொடர இயலாது என்றது இறுதிப் பிரிவு. குடிமகன் முறையிடுவதற்கு ஒரு வாயிலை அமைக்கும் பிரிவு மட்டும் அதில் இல்லை. மார்ச்சுத் திங்களில் பம்பாயில் படைத்தலைவர் கேட்டக்கர் தலைமையில் தனிக் குழு அமைந்தது. மாநகராட்சியின் கையிலிருந்த பிளேக் பணி அக்குழுவினிடம் சென்றது.

ஒரே சட்டம் இரு நகரங்களில் நடந்த விதம் இருவேறாக இருந்தது. பம்பாயில் கேட்டக்கர் அவ்வச் சமூகப் பெரியோரின் துணையை நாடினார். சமூகந்தோறும் தனித்தனி மருத்துவமனைகள் எழுந்தன. தம்மவர் நடத்தும் மருத்துவமனைக்குச் செல்ல மக்கள் அவ்வளவாக அஞ்சவில்லை. புனேயிலோ, ராண்டு என்னும் அதிகாரியின் குழு படைவீரரைக் கொண்டு வீடு வீடாகச் சோதனையிட்டது. பூசையறையும் அடுக்களையும் தப்பவில்லை. பொருள்கள் எரிக்கப்பட்டன. பெண்டிர் அவமதிக்கப்பட்டனர் என்ற குமுறல் ஊரெங்கும் எழுந்தது. அதே நகரில், பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டாற்றிய சாவித்திரிபாய் புலே அந்நோயாலேயே 1897 மார்ச்சு 10-ஆம் நாள் உயிர் நீத்தார் என்பதையும் இங்கு நினைவு கூர்தல் தகும்.

குமுறல் வெடித்தது. விக்டோரியா அரசியின் வைர விழாவன்று, ஜூன் 22-ஆம் நாள் இரவு, சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். உடன் சென்ற அயர்ஸ்ட் என்னும் அதிகாரி அங்கேயே மாண்டார். ராண்டு ஜூலை 3-ஆம் நாள் இறந்தார். திலகர் அரச நிந்தனை வழக்கில் பதினெட்டுத் திங்கள் கடுங்காவல் பெற்றார்.

அவ்வாண்டிலேயே மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்போது இங்கிலாந்தில் இருந்த கோகலே, படைவீரர் பெண்களிடம் முறைகேடாக நடந்தனர் என்று ஊரிலிருந்து வந்த கடிதங்களை நம்பிப் பொதுவில் குற்றஞ்சாட்டினார். தாயகம் திரும்பியபோது, எழுதியவர்கள் வெளிவந்து சான்று கூற முன்வரவில்லை. கோகலே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. முறையிடும் இடமும், முறையிட்டவனுக்குப் பாதுகாப்பும் இல்லாத நாட்டில் உண்மையும் வதந்தியும் ஒரே உடையணிந்து திரிகின்றன. அவற்றைப் பிரித்தறிய எவராலும் இயலுவதில்லை. அடக்குமுறைக்கு விடையாகத் துப்பாக்கி எழுந்ததற்கு இவ்வெறுமையும் ஒரு காரணம் என்பது எம் கருத்து. பம்பாயிலும் அமைதி நிலைக்கவில்லை. 1898 மார்ச்சு 9-ஆம் நாள், மதன்புராவில் நெசவாளர் இல்லம் ஒன்றில் நோயுற்ற பெண்ணைச் சோதிக்கச் சென்றபோது கலகம் மூண்டது.

கலகக் காலத்து அதிகாரத்திற்கும் இதே போன்ற வரலாறு உண்டு. நம்மவர் நாவில் 'நூற்று நாற்பத்து நான்கு' என்று வழங்கும் தடையாணை, 1882-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அந்த எண்ணைப் பெற்றது. விடுதலைக்குப் பின்னும் அது நிலைத்தது. 1956-இல் நாகபுரி ஆலைத் தொழிலாளர் பூசலின்போது பிறந்த ஒரு தடையாணை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1961-இல் பாபுலால் பராட்டே வழக்கில் நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்றது. எனினும் வேறுபாட்டைக் காண்மின்: இங்கே ஆணைக்குக் காலவரை இரண்டு திங்கள், மாநில அரசு நீட்டித்தாலும் மேற்கொண்டு ஆறு திங்களுக்கு மேற்படாது. காரணம் எழுத்தில் இருத்தல் வேண்டும், நீக்கக்கோரி விண்ணப்பிக்கலாம், நீதிமன்றம் செல்லலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 163-ஆம் பிரிவாயிற்று. எண் மாறினும் அதிகாரம் மாறவில்லை.

பேரிடருக்கெனத் தனிச் சட்டம் 2005-இல் வந்தது. 2001-ஆம் ஆண்டுக் குஜராத் நிலநடுக்கமும், 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் அதன் தேவையை உணர்த்தின. அதன்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் அமைகிறது. மக்கள் தேர்ந்த உள்ளாட்சிப் பிரதிநிதி அதன் இணைத்தலைவர். போக்குவரத்தைத் தடுத்தல், இடிபாடு அகற்றல், தங்குமிடம் அமைத்தல் முதலியன அதன் அதிகாரங்கள்.

2020-இல் கொரோனா நோய் வந்தபோது 1897-ஆம் ஆண்டுச் சட்டமும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒருங்கே கையாளப்பட்டன. மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பதை நம்முள் அறியாதார் யார்? ஒண்டுக் குடித்தனமும் பொதுக் கழிப்பறையும் கொண்ட இடத்தில் விலகி இருத்தல் எங்ஙனம் என்று பலரும் கலங்கினர். மாநகராட்சி வட்ட அலுவலகம், அவ்வூரில் நெடுநாள் மருத்துவம் பார்த்து வந்த தனியார் மருத்துவர்களை உடன் அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றது. காய்ச்சல் முகாம்கள் நடந்தன. பள்ளிகளும் விளையாட்டரங்கும் தனிமைக் கூடங்களாயின. அங்கு உணவும் வழங்கப்பட்டது. ஜூலைத் திங்களில் உலக நல நிறுவனத்தின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். 1896-இலும் வீட்டு வாயிலில் அதிகாரி நின்றார், 2020-இலும் நின்றார். உடன் நின்றவர் அறிந்த முகத்தினர் என்பது பெரிய வேற்றுமையாயிற்று. எனினும் அவ்வூரடங்கில் வேலையும் கூலியும் இழந்து, இந்நகரை விட்டு நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளரின் துயரையும் நாம் மறைத்தல் ஆகாது. அவர்களைக் கலந்து எவரும் ஆணையிடவில்லை.

இன்று நிலை யாது? 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிக்குப் பதினெட்டுப் பணிகளைப் பட்டியலிட்டது. பொது நலமும் தீயணைப்பும் அதில் உண்டு. பேரிடர் மேலாண்மை இல்லை. 2025-ஆம் ஆண்டுத் திருத்தம், மாநகராட்சி உள்ள நகரங்களுக்குத் தனிப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்தது. அதன் தலைவர் மாநகராட்சி ஆணையாளர். துணைத்தலைவர் மாவட்ட ஆட்சியர். மாவட்ட ஆணையத்தில் மக்கள் பிரதிநிதிக்குச் சட்டமே அளித்த இணைத்தலைமை, இங்கு மேயருக்கு அளிக்கப்படவில்லை. 1888-ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையாளரிடம் வைத்த கோல், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னும் பேரிடர் நாளில் அவர் கைக்கே செல்கிறது. விரைவு வேண்டுமெனின் ஒருவர் கை நன்று என்பது உண்மை. அவ்விரைவுக்கு மக்களின் துணை வேண்டுமெனின், அவர்கள் தேர்ந்தவர் அருகிருத்தலும் நன்று என்பதே மாண்டவியும் புனேயும் நமக்குக் காட்டும் பாடம்.

குடியேறி வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. ஆணை பெரும்பாலும் நம் தாய்மொழியில் வருவதில்லை. அதனைப் படித்துப் பெயர்த்துக் குடியிருப்பில் ஒட்டுவதும், பிறந்த நாளையும் முடியும் நாளையும் ஏட்டில் குறித்து வைப்பதும், முறைகேடு நிகழ்ந்தால் நாளும் இடமும் இட்டு, சான்று சொல்வோர் கையொப்பத்துடன் முறையிடுவதும் சங்கங்கள் எளிதில் செய்யத்தக்க பணிகள். கோகலேயிடம் அன்று அத்தகைய ஓர் ஏடு இருந்திருப்பின், அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்திராது.