உல்லன் குல்லா வந்த வழி

மார்கழி பிறந்தால் காவிரிக்கரை ஊர்களில் ஒரு சொல் பெட்டியைத் திறந்துகொண்டு வெளியே வரும். விடியலில் கோயிலுக்குக் கிளம்புகிறவரைப் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்கள்: "பனி கொட்டுது, அந்த உல்லன் குல்லாவை மாட்டிக்கிட்டுப் போங்க." சிவப்பும் மஞ்சளும் மயில்நீலமுமாகப் பட்டை பட்டையாக, யாரோ ஒரு அத்தையோ சித்தியோ பின்னிக் கொடுத்த குல்லா அது.

இந்தப் பெயரில் இருக்கும் இரண்டு சொற்களில் ஒன்றுகூடத் தஞ்சாவூர் மண்ணில் முளைத்ததில்லை. முளைக்கத் தேவையும் இருக்கவில்லை. மார்கழி இரவிலும் இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நெல்லும் பருத்தி வேட்டியுமாக வாழ்ந்த பூமிக்குக் குளிர் என்பதே வெளியூர்ச் சரக்கு. அந்தச் சரக்கோடு நெடுநாள் உறவு வைத்திருந்த ஊர் திருப்பனந்தாள். அதனால் இந்தப் பெயரின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதே சரி.

திருப்பனந்தாளில் இருப்பது காசி மடம். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர், தருமபுரம் மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்டு காசிக்குப் போனார். அங்கே கேதார கட்டத்தில் மடம் அமைத்தார். அவர் வழியில் வந்த தில்லைநாயக சுவாமிகள் 1720-இல் திருப்பனந்தாளுக்கு மடத்தைக் கொண்டுவந்தார். அன்றுமுதல் இந்தச் சிற்றூருக்கும் கங்கைக்கரைக்கும் நடுவே ஆள்போக்கு இருந்துகொண்டே இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் காசியில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். கங்கையில் முழுகி எழுந்த தமிழனுக்குத் தலையை மூட ஏதாவது வேண்டும். அவனுடைய மொழியில் அதற்குப் பெயரும் வேண்டும்.

குமரகுருபரர் பாதுஷாவோடு பேச இந்துஸ்தானி வேண்டிக் கலைமகள்மேல் சகலகலாவல்லி மாலை பாடினார் என்பது மடத்து மரபு. அந்த மொகலாய அவையின் மொழி பாரசீகம். தலையணியை அவர்கள் 'குலாஹ்' என்றார்கள். நம் குல்லாவுக்கு அதுதான் வேர். ஆனால் காசி யாத்திரைக்காரர்கள் வடக்கிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த சொல் என்று இதை நான் நினைக்கவில்லை. அதற்கு முன்பே வேறொரு பாதையில் அது தெற்கே இறங்கியிருக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவி ஸ்ரீநாதர், விஜயநகர அவைக்குப் போனபோது தலையில் 'குள்ளாயி' வைத்துக்கொள்ள நேர்ந்ததை ஒரு தனிப்பாட்டில் குறையோடு சொல்கிறார். உச்சி நீண்ட அந்தத் தொப்பி தக்காணத்துச் சுல்தான்களின் அவைகளிலிருந்து விஜயநகரத்துக்கு வந்த அரசவை உடை. லேபாட்சியின் விதான ஓவியங்களில் பிரபுக்கள் அதை அணிந்து நிற்கிறார்கள். திருமலையில் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் செம்புச் சிலையிலும் அதே நெடிய குல்லாய்தான். விஜயநகரத்தின் கிளையாகத்தான் 1532-ஐ ஒட்டித் தஞ்சையில் நாயக்கர் ஆட்சி தொடங்கியது. அவர்கள் அவைமொழி தெலுங்கு. நம் பாட்டிமார் இன்னும் 'குல்லாய்' என்று யகர ஒற்றோடு முடிக்கிறார்களே, அந்த ஒற்றில் தெலுங்குக் குள்ளாயியின் வால் இருக்கிறது என்பது என் துணிபு. பாரசீகத்திலிருந்து நேரே வந்திருந்தால் 'குலா' என்று நின்றிருக்கும்.

அரசர் தலையில் இருந்த சொல் பிறகு தெருவுக்கு இறங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த குல்லா வியாபாரி, குரங்குகளிடம் தன் மூட்டையைப் பறிகொடுத்தான். 'குல்லா போடுதல்' ஏமாற்றுவதற்குப் பெயரானது. முகம் மட்டும் தெரியக் காதையும் கழுத்தையும் மூடும் வகைக்கு 'மங்கி குல்லா' என்று பெயர் வைத்தோம். அந்த வகையை ஆங்கிலேயர் 'பாலக்ளாவா' என்பார்கள். 1854-இல் கிரிமியப் போரில் சண்டை நடந்த துறைமுகத்தின் பெயர் அது.

இனிக் கம்பளிக்கு வருவோம். ஆட்டுமயிர் ஆடைக்குத் தமிழில் பழைய சொல் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை அறுவை வீதி வருகிறது. அங்கே பருத்தி நூல், மயிர், பட்டு மூன்றாலும் நெய்த துணிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த மயிரை எலிமயிர் என்று பழைய உரை விளக்குகிறது. படிக்கிறவருக்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் சீவக சிந்தாமணி இன்னும் ஒருபடி மேலே போய், நெருப்பைத் தின்னும் செவ்வெலியின் மயிரால் செய்த கம்பலத்தைப் பேசுகிறது. தீயில் வாழும் எலி, தீயிலிட்டு வெளுக்கும் துணி என்ற கதை சீன நூல்களிலும் உண்டு. குளிர்நாட்டுத் துணியைக் கண்ணால் காணாத கடற்கரைகளுக்கு, அது இப்படி அற்புதக் கதையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. கம்பலம் வடமொழியிலும் பழைய சொல். அதர்வ வேதத்தில் இருக்கிறது. அதற்கும் அடியில் முண்டா மொழிகளின் உறவு இருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதினார்கள்.

அந்தக் கம்பலம் கம்பளியாகி, நம் பக்கத்தில் கறுத்த முரட்டுப் போர்வைக்கு மட்டும் பெயராக ஒட்டிக்கொண்டது. அறுவடை முடிந்த தஞ்சாவூர் வயல்களில் எருவுக்காகக் கிடை போட, இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆயிரக்கணக்கில் ஆடு ஓட்டி வருகிறார்கள். ஆனால் அவை மயிராடுகள், கத்தரித்து நூற்க உதவாதவை. திருச்சிக் கருப்பு ஆட்டில் கிடைக்கும் மயிர் முரடு. நீலகிரி ஆட்டில்தான் மெல்லிய உரோமம். ஆக, மிருதுவான வண்ண நூல் உருண்டை இங்கே வந்தபோது அதைக் 'கம்பளி' என்று கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. உடம்பில் குத்துகிற போர்வையின் பெயரைக் குழந்தையின் தலைக்கு எப்படி வைப்பது?

அந்த இடத்தில்தான் 'உல்லன்' வந்து உட்கார்ந்தது. ஐரோப்பிய உரோமத் துணி இதற்கு முன்பே வந்திருந்தது. சிவப்புச் 'சகலாத்து' அப்படி வந்ததுதான், பாரசீகப் பெயரோடு. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தின் கனத்த துணியை இந்த வெயிலில் விற்கப் படாதபாடு பட்டது. பின்னல் நூல் கடைக்கு வந்த காலத்தில் 'வுல்லன்' என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் அது 'உரோமத்தாலான' என்று பொருள்படும் அடைமொழி. நாம் அதை நூலுக்கே பெயராக்கி, 'உல்லன் நூல்', 'உல்லன் பை' என்று பெருக்கினோம். முதலில் இருந்த வகரம் என்ன ஆயிற்று? உ, ஊ, ஒ, ஓ என்ற நான்கு உயிரோடும் வகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் மொழிமரபில் விதித்திருக்கிறது. அந்த நூலைத் தொட்டுக்கூடப் பார்க்காத கடைக்காரரும் பின்னல்காரியும் அதன் விதியை அப்படியே காத்தார்கள். எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.

பெயர் பிறகு பொருளைவிட்டு விலகியும் போயிற்று. இன்று கடையில் 'உல்லன்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக், செயற்கை இழை. வீட்டில் சாயம் போட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். மெய்யான ஆட்டுரோமம், வினிகர் கலந்த நீரில் ஊறி, மெல்லச் சூடேறும்போது சாயத்தைக் குடித்து நீரைத் தெளியவிடும். கொதிக்கவைத்துக் கிளறினால் மட்டும் சுருங்கித் தடித்துப்போகும். அக்ரிலிக்கில் அந்தச் சாயம் ஏறவே ஏறாது.

சாயம் என்ற சொல்லுக்காவது நாம் யாரிடமும் போகவேண்டியதில்லை. இது எதிர்த்திசையில் போன சொல். கடற்கரை மணலில் தோண்டிய சாயவேரின் பெயரை ஐரோப்பிய வணிகர்கள் 'சாய்' என்று தங்கள் கணக்குகளில் எழுதிக்கொண்டார்கள். திருப்பனந்தாளுக்கு வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் கோடாலிக்கருப்பூர். மராட்டிய அரண்மனைக்குச் சரிகையும் சாயமும் சேர்ந்த சேலைகளைக் கொடுத்த ஊர். கடுக்காயிலும் படிகாரத்திலும் பருத்தியைப் பக்குவப்படுத்திச் சிவப்பேற்றத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. 1855-இல் அரசு முடிந்தபின் அந்தச் சேலையும் அருகிப்போனது.

வினைச்சொல்லும் நம்முடையது. குல்லாவைத் தமிழர் யாரும் 'நெய்வதில்லை'. நெய்வதற்குத் தறி வேண்டும், பாவும் ஊடும் வேண்டும். ஓலையை 'முடைவது' போல முடைவதும் இல்லை. பனையைத் தலமரமாகக் கொண்ட திருப்பனந்தாளில் முடைதல் என்ன என்பது நன்றாகவே தெரியும். இரண்டு ஊசியும் ஒரே இழையும் கையிலெடுத்தபோது பெண்கள் தேர்ந்த சொல் 'பின்னுதல்', கூந்தலுக்கு உரிய சொல். தறியில்லாமல், விரலே கருவியாக, ஒன்றுக்குள் ஒன்றை வாங்கிக்கொண்டு போகும் வேலை. செஞ்சடையப்பர் குடியிருக்கும் ஊரில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. பெயர்கள் பாரசீகத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்தன. செய்கைக்குப் பெயர் வைத்தது அந்த வேலையைச் செய்த கை.

இதைக் 'கம்பளித் தொப்பி' என்று திருத்த நினைப்பவர்கள் கவனிக்கவேண்டும்: கம்பளி வடக்கோடு உறவுள்ளது, தொப்பி இந்துஸ்தானியின் 'டோபி'. ஒரு கடனை இன்னொரு கடனால் அடைப்பதில் என்ன லாபம்?

காசிக் கடைத்தெருவில் இதே பொருளை 'ஊன் கீ டோபி' என்று விற்பார்கள். ஊன் என்றால் தசை என்றே அறிந்த தமிழ் யாத்திரைக்காரருக்கு முதலில் திகைப்பாகத்தான் இருக்கும். இந்த ஊன், வடமொழியின் 'ஊர்ணா', அதாவது ஆட்டுரோமம். சிலந்தியை 'ஊர்ணநாபி' என்று சொல்கிற நூல்வழக்கில் தமிழுக்கும் அது வந்திருக்கிறது. மொழிநூலார் கணக்குப்படி ஆங்கிலத்தின் 'வுல்', லத்தீனின் 'லானா', ஊர்ணா மூன்றும் ஒரே வேரின் பிள்ளைகள். அந்த வேரின் முதலில் நின்ற வகரத்தை வடமொழியும் உதிர்த்துவிட்டது, தமிழ் 'உல்லன்' உதிர்த்தது போலவே. திருப்பனந்தாள்காரர் கேதார கட்டத்துக்குப் பக்கத்தில் ஊன் கீ டோபி வாங்கித் தலையில் மாட்டுகிறார். ஊருக்கு வந்து உல்லன் குல்லா என்று பெயர் சொல்கிறார். ஊனும் உல்லனும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயிலிருந்து கிளம்பிய சொல்தான்.