காசும் காஷும்



ஆங்கிலம் கற்கும் சீன மாணவன் ஒருவன், பெரியதோர் ஆங்கில அகராதியைத் திறந்து 'காஷ்' என்னும் சொல்லைத் தேடுகின்றான் என வைத்துக்கொள்வோம். கடைத்தெருவிலும் வங்கியிலும் நாள்தோறும் வழங்கும் எளிய சொல் அது. கைப்பணம் என்பது பொருள். சீனமொழியில் அதனை 'ஷியென்ஜின்' என்பர். கையிலுள்ள பொன் என நாம் அதனைப் பெயர்த்துக்கொள்ளலாம். 'கைமேற் காசு' என்று நம் வணிகர் கூறுவதும் ஏறத்தாழ அதுவே. இவ்வளவில் மாணவனுக்கு ஐயமில்லை.

ஆயின், அதன் கீழே அதே எழுத்துக்களோடு 'காஷ்' என்னும் சொல் மற்றுமொரு முறை தனியே பதிவாகியிருக்கக் காண்கின்றான். அதற்குத் தரப்பட்ட பொருளோ, சீனநாட்டுச் செப்பு நாணயம் என்பது! அவன் திகைக்கின்றான். தன் முன்னோர் தம் நாணயத்தைச் 'சியென்' என்றனரேயன்றிக் 'காஷ்' என ஒருபோதும் அழைத்ததில்லையே. இப்பெயர் எங்கிருந்து வந்தது?

அந்நாணயம் வட்டமானது, நடுவே சதுரத் துளையுடையது. கி.மு. 221இல் சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் சி ஹுவாங் பேரரசன் அவ்வடிவத்தை நாடெங்கும் பொதுவாக்கினான். துளையிற் கயிறு கோத்து, ஆயிரம் நாணயத்தை ஒரு சரமாக எண்ணுவர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவ்வடிவம் நிலைத்தது.

பதினாறாம் நூற்றாண்டிற் கீழ்த்திசைக் கடல்களுக்கு வந்த போத்துக்கேயர், தமிழ் மக்கள் தம் நாணயத்தைக் 'காசு' என அழைக்கக் கேட்டனர். அவர் வாயில் அது 'கைஷா' ஆயிற்று. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றி, 1557இல் மக்காவோவிற் குடியேறிய அவர், கீழைநாடுகளிற் கண்ட சிறு நாணயங்களுக்கும் அப்பெயரையே இட்டனர். பின்வந்த ஆங்கிலேயர் அதனைக் 'காஷ்' என்றனர். சென்னைப்பட்டினத்தில் அவர்தம் கம்பனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அங்கும் சீனத்திலும் சிறு நாணயத்துக்கு அவர் வழங்கிய பெயர் ஒன்றே.

இவ்வரலாற்றை வகுப்பிற் கூறிய ஒருநாள், மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியாயின், ஐயா, ஆங்கிலேயர் பணத்தைக் காஷ் என்பதும் நம் தமிழ்தானே?" என்று பெருமிதத்தோடு கேட்டான். வகுப்பு முழுவதும் என் முகத்தை நோக்கிற்று. ஆமெனத் தலையசைக்க என் உள்ளமும் விழைந்தது. ஆயினும் அவ்விடத்தேதான் ஆசிரியன் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

கைப்பணத்தைக் குறிக்கும் 'காஷ்' வேறு சொல். இலத்தீனிற் 'கப்ஸா' என்றாற் பெட்டி. அது இத்தாலியத்திற் 'கஸ்ஸா' எனவும் பிரெஞ்சிற் 'கெஸ்' எனவும் திரிந்து, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துட் புகுந்தது. அப்பொழுது அதன் பொருள் பணப்பெட்டி என்பதே. பின்னர்ப் பெட்டியின் பெயர் அதனுள் இருந்த பணத்துக்கு ஆயிற்று. நம் இலக்கண நூலார் இடவாகுபெயர் என்பது இதுவன்றோ! போத்துக்கேய மொழியிலும் 'கைஷா' என்பது பெட்டிக்கு உரிய பழஞ்சொல். நம் 'காசு' அவர் செவியிற் புகுந்து, அவர்க்குப் பழகிய அச்சொல்லின் உருவை ஏற்றது. இரு வேறு மலைகளிற் பிறந்த ஆறுகள் ஒரே பெயரைப் பெற்றாற்போன்றது இது.

"தம்பி, நீ கூறியது பாதி உண்மை. சீனநாணயத்தைச் சுட்டும் சொல் நம்முடையது, மற்றையது நம்முடையதன்று" என்றேன். அவன் முகம் சற்றே வாடியது. நம் 'காசு' என்பதையே வடமொழிக் 'கர்ஷம்' என்னும் நிறைப்பெயரோடு தொடர்புபடுத்துவாரும் உளர் என்பதையும் அவனுக்கு மறைக்கவில்லை.

ஆயினும் அவன் வாட வேண்டியதில்லை. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டில் நிற்கும் பழஞ்சொல் 'காசு'. சோழர் கல்வெட்டுக்களில் 'ஈழக்காசு' பேசப்படுகின்றது. போத்துக்கேயர் வருமுன்னரே சீனநாணயம் நம் கரைகளை அடைந்துவிட்டது. 1077இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், சீனம் சென்ற 72 பேர் கொண்ட சோழ தூதுக்குழுவுக்கு 81,800 சரம் செப்புக்காசு வழங்கப்பட்டது எனச் சீன ஆவணங்கள் கூறுகின்றன. நம் இலங்கையில் யாப்பகூவாவிலே சீனநாணயங்கள் ஆயிரத்துக்கு மேற் கிடைத்துள்ளன.

நாணயம் அங்கிருந்து இங்கு வந்தது. பெயர் இங்கிருந்து அங்குச் சென்றது. ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. சொல் நடந்துவந்த வழியே அதற்குச் சான்று. அவ்வழியை ஆராயாது உரிமை கொண்டாடுவோமாயின், உண்மையாக நமக்குரியதையும் பிறர் ஐயுறுவர். ஆராய்ந்தபின் நமக்கெனக் கிடைப்பது ஒரு சிறு செப்புக்காசே ஆயினும், அது செல்லும் காசு.