நாய், பூனைகளின் இதய நோயும் மருந்துகளும்

வீட்டு நாய்க்கும் பூனைக்கும் வரும் இதய நோய், மனிதருக்கு வருவதைப் போன்றதன்று. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டு நேரும் மாரடைப்பு இவற்றிடம் அரிது. இதய நோயுள்ள நாய்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு இருப்பது மைட்ரல் வால்வுச் சிதைவு. இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள இந்த ஈரிதழ் வால்வு வயது ஏற ஏறத் தடித்து, முழுதாக மூட முடியாமல் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது, மேலறை வீங்குகிறது, முடிவில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. சிறிய இன நாய்களுக்கே இது மிகுதி. கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இளவயதிலேயே இதற்கு ஆளாகிறது. நம் ஊர் வீடுகளில் பெரிதும் வளர்க்கப்படும் பொமரேனியனும் தப்புவதில்லை. டாபர்மேன் போன்ற பெரிய நாய்களில் இதயத் தசை வலுவிழந்து அறைகள் விரிகின்றன. பூனைகளில் தசை தடித்து அறை சுருங்குகிறது. மூன்றுக்கும் மருந்து ஒன்றாக இருக்க முடியாது என்பதை மருத்துவ உலகம் மெதுவாகத்தான் உணர்ந்தது.

இதய மருத்துவம் விலங்குகளுக்குப் பட்டிருக்கும் கடன் பெரியது. இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733இல் வெளியிட்ட நூலில், ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நெட்டையான கண்ணாடிக் குழாயை இணைத்ததை விவரிக்கிறார். இரத்தம் அக்குழாயில் 8 அடிக்கு மேல் ஏறியது. இரத்த அழுத்தம் அளக்கப்பட்ட முதல் நிகழ்வு இது. இலண்டனில் அகஸ்டஸ் வாலர் தம் புல்டாக் ஜிம்மியின் கால்களை உப்புநீர்ப் பாத்திரங்களில் நிற்கவைத்து, இதயத்தின் மின்னோட்டத்தை மக்கள் முன் பதிவுசெய்து காட்டினார். 1909இல் ராயல் சொசைட்டியில் நடந்த இச்செயல்விளக்கம் விலங்கு வதை என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கடலில் கால் நனைத்தவருக்கு உப்புநீரில் நிற்பது எப்படியிருக்கும் என்று தெரியும் என்ற பொருளில் உள்துறை அமைச்சர் விடையளித்தார். ஜிம்மிக்கு நோவு ஏதும் நேரவில்லை.

இப்படி அறிவைக் கொடுத்த விலங்குகளுக்குத் திரும்பி வந்த மருந்துகளோ நெடுங்காலம் மனிதருக்கென உருவானவைதாம். வில்லியம் விதரிங் 1785இல் எழுதிய நூலால் புகழ்பெற்ற டிஜிடாலிஸ் செடியின் சாரமும், பின்னர் அதன் இனச் செடியொன்றிலிருந்து பிரித்தெடுத்த டிஜாக்சினும் நாய்களுக்கும் கொடுக்கப்பட்டன. பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியதால் வாந்தியும் பசியின்மையும் அடிக்கடி நேர்ந்தன. 1960களில் வந்த ஃபியூரோசெமைடு என்ற நீர் மாத்திரை நிலைமையை மாற்றியது. மூச்சுக்குத் தவிக்கும் நாயின் நுரையீரலிலிருந்து நீரை வடித்து அன்றைய இரவைக் கடத்த உதவும் மருந்து இன்றும் அதுவே.

கால்நடை இதயவியல் தனித்துறையாக உருவானதில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்குண்டு. டேவிட் டெட்வைலர் அங்கே ஆயிரக்கணக்கான நாய்களைச் சோதித்து, எந்த இனத்துக்கு எந்த நோய் என்ற கணக்கை முதன்முதலாக எடுத்தார். அதே பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புக்கானன் 1995இல் ஓர் அழகான அளவுமுறையைத் தந்தார். சிவாவாவின் இதயத்தையும் கிரேட் டேனின் இதயத்தையும் ஒரே சென்டிமீட்டர் அளவுகோலால் ஒப்பிட முடியாது. ஆகவே எக்ஸ்ரேயில் அந்த நாயின் முதுகெலும்புத் துண்டுகளையே அளவுகோலாக்கி, இதயம் எத்தனை துண்டு நீளம் என்று எண்ணினார். எக்கோ கருவி இல்லாத மருத்துவமனையிலும் இதயம் வீங்கியிருக்கிறதா என்று சொல்ல இம்முறை போதும்.

பூனைகளின் வரலாற்றில் திருப்பத்தைக் கொண்டுவந்தது மருந்தன்று, தீவனம். டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பால் பியானும் உடன் ஆய்ந்தவர்களும், பூனைகளின் இதயத் தசை விரிவு நோய்க்கு டாரின் என்ற சத்துக் குறைவே காரணம் என்று 1987இல் வெளியிட்டனர். டாரின் கொடுத்ததும் இதயம் பழைய நிலைக்குத் திரும்பியது. தீவன நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின, அந்நோய் பூனைகளிடம் ஏறக்குறைய மறைந்தது. இந்தத் துறையில் இதற்கு இணையான வெற்றி வேறில்லை.

1990களில் எனலாப்ரில், பெனசெப்ரில் ஆகிய இதய மருந்துகள் நாய்களுக்கு வந்தன. நோய் முற்றிய நாய்களுக்கு இவை பயன்பட்டதை ஆய்வுகள் காட்டின. அறிகுறி தோன்றும் முன்பே கொடுத்தால் நோயைத் தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கு ஸ்காண்டிநேவியாவில் 229 கவலியர் நாய்களிடம் எனலாப்ரிலைச் சோதித்து 2002இல் விடை கண்டனர். தள்ளிப்போகவில்லை.

பிமோபெண்டானின் கதை விந்தையானது. இது இதயத் தசையைக் கால்சியத்துக்குக் கூர்மையாக எதிர்வினையாற்றச் செய்து சுருங்கும் ஆற்றலைக் கூட்டுகிறது. கூடவே இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. ஜப்பான் இதை மனிதருக்கு அனுமதித்தது. ஐரோப்பாவில் மனிதரிடம் நடந்த சோதனையில் நடக்கும் திறன் கூடினாலும் இறப்பு மிகலாம் என்ற அச்சம் எழுந்ததால் மேலைநாடுகளில் அது பரவவில்லை. மனிதருக்குத் தர மேலைநாடுகள் தயங்கிய அதே மருந்து நாய்களிடம் தன் இடத்தைக் கண்டது. இதயம் செயலிழந்த 260 நாய்களிடம் நடந்த குவெஸ்ட் ஆய்வு 2008இல் வெளியானது. பெனசெப்ரில் பெற்றவை நடுமதிப்பாக 140 நாள் தாங்கின, பிமோபெண்டான் பெற்றவை 267 நாள்.

பிறகு வந்தது எபிக் ஆய்வு. இலண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியின் ஏட்ரியன் பாஸ்வுட் தலைமையில் 11 நாடுகளில் 360 நாய்கள் சேர்க்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் வால்வுக் கசிவும் வீங்கிய இதயமும் இருந்தன. அறிகுறி மட்டும் இல்லை. போலி மாத்திரை பெற்றவற்றுக்கு இதயச் செயலிழப்பையோ இதய நோய்ச் சாவையோ எட்ட நடுமதிப்பாக 766 நாள் ஆயின. பிமோபெண்டான் பெற்றவற்றுக்கு 1228 நாள். ஏறக்குறைய 15 மாத வேறுபாடு. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டு 2016இல் வெளியானது. மருந்தைத் தயாரிக்கும் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனமே செலவை ஏற்றது என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் இரு தரப்பிலும் யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாதவாறு நடந்த சோதனை இது. 2019இல் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல் இந்த முடிவை ஏற்றது. இதயம் வீங்காமல், வால்வுக் கசிவின் ஓசையான முணுமுணுப்பு மட்டும் கேட்கும் நாய்க்கு மருந்து தேவையில்லை என்றும் அது சொல்கிறது. இந்த எல்லைக்கோட்டை மறந்து, முணுமுணுப்பு கேட்டவுடன் மாத்திரை எழுதுவது தவறு.

பூனைகள் இன்னும் காத்திருக்கின்றன. தசைத் தடிப்பு நோயில் வீங்கிய மேலறைக்குள் இரத்தம் உறைந்து, கட்டி நகர்ந்து பின்னங்கால்களுக்குச் செல்லும் தமனியை அடைத்துவிடும். பூனை திடீரென அலறி நடக்க முடியாமல் விழும். ஒருமுறை இப்படி ஆகித் தப்பிய பூனைகளில், மறுமுறை அடைப்பு வராமல் தடுக்க ஆஸ்பிரினைவிட குளோப்பிடோகிரல் மேலானது என்று 2015இல் நிறுவப்பட்டது. 2025இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிரோலிமஸ் என்ற மருந்தின் ஒரு வடிவத்துக்கு, அறிகுறி தோன்றாத தசைத் தடிப்பு நோய்க்காக நிபந்தனையுடன் அனுமதி அளித்தது.

இந்த மருந்துகளை எந்த நாளில் கூட்டுவது என்பதை வீட்டிலிருப்பவரே முதலில் அறிய முடியும். இதய நோயுள்ள நாயோ பூனையோ ஆழ்ந்து உறங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மார்பு ஏறி இறங்குகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். அது தொடர்ந்து 30ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.