கண்டிக் கொல்லனும் என் பேரனின் வாளும்

பள்ளி விடுமுறைக்கு டொரண்டோவிலிருந்து வந்திருந்த பேரன், இரவு உணவுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. எல்டன் ரிங் என்ற விளையாட்டில் மூழ்கியிருந்தான். 2022இல் ஜப்பானிய நிறுவனமொன்று வெளியிட்டது. மிகவும் கடினமானது என்று பெயர் பெற்றதாம். ஒரே எதிரியிடம் அவன் பதினைந்து தடவை செத்ததை நானே எண்ணினேன்.

"இன்னும் நல்ல வாள் ஒன்றை எடுக்கலாமே, தம்பி?" என்றேன்.

"வாளை மாற்றத் தேவையில்லை, அப்பப்பா. இதையே கூர்ப்படுத்தலாம். கல் வேண்டும். கல் கொண்டுபோனால் கொல்லன் செய்து தருவான்."

பிறகு பொறுமையாக விளக்கினான். அரிய கற்களைத் தேடிச் சேர்த்துக் கொல்லனிடம் கொடுத்தால் சாதாரண வாளொன்றை 25 படிகள் வரை உயர்த்தலாம். ஆனால் வாள் மட்டும் போதாது. வீரனின் ஆற்றலைப் பலத்தில் சேர்ப்பதா, வேகத்தில் சேர்ப்பதா, மந்திரத்தில் சேர்ப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். பலத்தில் சேர்த்தவன் பெருஞ்சம்மட்டியைத் தூக்கலாம். வேகத்தில் சேர்த்தவன் மெல்லிய வாளோடு சுழலலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவன் எங்கும் தோற்பான்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பழைய வெட்கமொன்று நினைவுக்கு வந்தது. இளம் நிருபனாகக் கண்டியில் பணியாற்றிய நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில், "பீரங்கியும் துவக்கும் கொண்டு வந்த வெள்ளையரை வில்லும் வேலும் மட்டுமே ஏந்தி எதிர்த்த கண்டி வீரர்கள்" என்று எழுதிவிட்டேன். வாசிக்க அழகாகத்தான் இருந்தது. பேராதனையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்து, கையைப் பிடித்து அழைத்துச் சென்று, தலதா மாளிகைக்கு அருகிலுள்ள நூதனசாலையில் என்னை நிறுத்தினார். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் துவக்குகள் இருந்தன. "இவை யார் செய்தவை என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்தத் திருத்தத்தை நான் பத்திரிகையில் எழுதவேயில்லை. இப்போது எழுதுகிறேன்.

கண்டித் துவக்கை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். குழாய் நீளமானது. தோளில் அணைக்கும் அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். தந்தமும் வெள்ளியும் இழைத்திருப்பார்கள். தீமூட்டும் விசை ஐரோப்பியத் துவக்குகளில் வலப்புறம் இருக்க, இங்கே இடப்புறம் இருக்கும். போர்த்துக்கேயரிடம் கண்ட விசையைத் தம் வழக்கத்துக்கு ஏற்றபடி மாற்றியமைத்த கொல்லர்களின் வேலை அது. இலங்கையில் வார்த்த குழாய்களின் தரத்தைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே மெச்சி எழுதியிருக்கிறார்கள். (நாம் 'துவக்கு' என்பதும் தமிழகத்தார் 'துப்பாக்கி' என்பதும் ஒரே துருக்கிச் சொல்லின் பிள்ளைகள். அந்தச் சொல்கூட ஊர் மாறியபோது திருத்தப்பட்டுவிட்டது.)

இதற்கான இரும்பும் மருந்தும் எங்கிருந்து வந்தன? மலைநாட்டின் தென்சரிவில் சமனலவாவியை அண்டி, பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய உலைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இயங்கின. கில் ஜூலெப் என்ற ஆய்வாளர் அதனை 1996இல் உலகறியச் செய்தார். சிறு மண்மூசைக்குள் இரும்போடு ஆவாரங்கட்டையை வைத்து மூடி, சூடேற்றி உருக்காக்கும் முறை அண்மைக்காலம் வரை இருந்தது. அந்தத் தொழிலின் கடைசித் தலைமுறையைச் சபரகமுவையில் நேரில் கண்டு பதிவு செய்தவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. கண்டிக் கைவினைஞரைப் பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல் இல்லாவிட்டால் பாதி விடயங்கள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். வெடியுப்பு நக்கிள்ஸ் மலைப்பக்கத்து மீமுரே போன்ற இடங்களின் குகை மண்ணிலிருந்து கிடைத்தது. மண்ணைச் சுரண்டி, சாம்பலோடு கலந்து, நீர் வடித்துக் காய்ச்சி எடுத்ததை ஜோன் டேவி 1821இல் எழுதியிருக்கிறார். கந்தகத்துக்குத்தான் கடல் வழியை நம்பவேண்டியிருந்தது.

கொல்லனைப் பற்றி றொபர்ட் நொக்ஸ் சொல்வது சுவையானது. 1660 முதல் 1679 வரை கண்டி அரசனின் கைதியாக இந்நாட்டில் வாழ்ந்தவர் அவர். கொல்லன் முக்காலியில் இருந்து எழுவதே இல்லையாம். வேலை கொண்டுவந்தவனே துருத்தி ஊதவேண்டும். அவனே சம்மட்டி அடிக்கவேண்டும். கொல்லன் இருந்தபடியே இரும்பைப் பிடித்துத் திருப்புவான். பேரனிடம் இதைச் சொன்னபோது, "எங்கள் விளையாட்டிலும் கொல்லன் எழும்புவதேயில்லை" என்றான்.

இனி, அந்த ஆயுதங்களை ஏந்திய படை எந்த வகைப் படை என்பதைப் பார்க்கவேண்டும். பேரனின் பாஷையில் சொன்னால், கண்டி தன் ஆற்றல் முழுவதையும் ஒரே பக்கத்தில் சேர்த்தது. இலகுவான துவக்கு; குதிரை நுழையாத ஒற்றையடிப் பாதை; முள் வேய்ந்த கடவைகள்; வெட்டிச் சாய்த்த மரங்கள்; மழைக்காலம். பகைவனை உள்ளே வரவிட்டு, திரும்பிப் போகும்போது அடிப்பதே முறை. இந்த வழியைத் தொடக்கிய முதலாம் விமலதர்மசூரியன், கோவாவில் போர்த்துக்கேயரோடு வாழ்ந்து அவர்களது போர்முறையைக் கற்றுத் திரும்பியவன். 1594இல் தந்துறையில் லோப்பஸ் டி சூசாவின் படை அவனிடம் அழிந்தது. 1630இல் ரந்தெனிவெலவில் கொன்ஸ்தந்தீனு டி சா மாண்டார். 1638 மார்ச் 28இல், இன்று விவசாயத் திணைக்களம் இருக்கும் கன்னொறுவையில், வெறுமையான கண்டி நகரை எரித்துவிட்டுத் திரும்பிய டியோகு டி மெலோவும் படையும் மகாவலிக் கரையில் மடக்கப்பட்டனர். உயிரோடு எஞ்சியோர் 33 பேர் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு.

ஆனால் அதே ஆண்டு மே மாதத்தைப் பாருங்கள். மட்டக்களப்புக் கோட்டையைப் பிடிக்க இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரின் கப்பலையும் பீரங்கியையும் நாடவேண்டியிருந்தது. மலையில் ஒரு படையையே விழுங்கிய அரசனால் கடலோரத்தில் ஒரு மதிலை உடைக்க முடியவில்லை. அழைத்து வந்தவர்களே பின்னர் அந்த இடங்களில் நிலைகொண்டார்கள். 1766 உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தரிடம் போய்விட்டது. 1803 ஜூனில் மேஜர் டேவியின் படையைப் பெருக்கெடுத்த மகாவலியின் கரையில் அழித்த கண்டியர், செப்டெம்பரில் ஹங்வெல்லக் கோட்டையைத் தாக்கப்போய்ப் படுதோல்வி கண்டனர். அதே மனிதர்கள், அதே துவக்குகள், நிலம்தான் வேறு. பேரனின் விளையாட்டில் சேர்த்த ஆற்றலைக் கலைத்துப் புதிதாகப் பங்கிட ஒரு வழி இருக்கிறதாம். கண்டிக்கு அது வாய்க்கவில்லை. 1815இல் ஆங்கிலேயர் உள்ளே வந்தபோது பெரும்போர் நடக்கவில்லை. பிரதானிகள் மாறிவிட்டார்கள். எந்தக் கொல்லனாலும் செப்பனிட முடியாத இடம் அது.

இந்தக் கதையில் ஒரு பீரங்கியும் உண்டு. லெவ்கே திசாவை 1745ஐ ஒட்டி அரசனுக்குக் காணிக்கையாக அளித்தது. அரசன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வழியின் முதல் மன்னன். பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கற்களும் பதித்த சிறு வெண்கலப் பீரங்கி அது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையிட்டபோது கொண்டுபோனார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பொன்வாள், வெள்ளிவாள், கத்தி, இரண்டு பெருந்துவக்குகளோடு 2023 டிசம்பரில் கொழும்புக்குத் திரும்பியது.

பேரனை அழைத்துக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்குப் போனேன். பீரங்கியின் முன் அவன் அதிக நேரம் நிற்கவில்லை. "இது அடிக்கிறதுக்கு இல்லை, அப்பப்பா, காட்டுறதுக்கு" என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டான். துவக்குகளுக்கு முன்னால்தான் நின்றான். விசை ஏன் இடப்பக்கம் என்று கேட்டான். காணிக்கை கொடுத்தவர் பெயர் தெரியும், பெற்ற அரசன் பெயர் தெரியும், கொள்ளையடித்த ஆளுநர் வான் எக்கின் பெயரும் தெரியும். செய்தவன் பெயர் என்ன என்று அடுத்ததாகக் கேட்டான். பெயர்ப்பலகையை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தோம்.