அயலான் வீட்டுத் திண்ணை

பசிபிக் மகாசமுத்திரத்தில், மெக்ஸிகோக் கரையிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால், மோதிரம்போல் கிடக்கிறது கிளிப்பர்ட்டன் என்ற பவழத்தீவு. நடுவே தேங்கிய ஏரி. ஓரத்தில் ஒரே ஒரு குன்று. கால் வைத்த இடமெல்லாம் நண்டு. இதற்கும் உரிமைப் போட்டி!

1858-ல் பிரான்ஸ் உரிமை கொண்டாடிற்று. 1906-ல் மெக்ஸிகோ தன் சிப்பாய்களைக் குடும்பத்தோடு குடியேற்றிற்று. பிறகு மெக்ஸிகோவில் புரட்சி மூண்டது; 1914-க்குப் பின் உணவுக் கப்பல் வரவில்லை. காய்கனியின்றி, ஸ்கர்வி நோய் கண்டு ஒவ்வொருவராக மாண்டார்கள். 1917 ஜூலையில் தற்செயலாக வந்த அமெரிக்கப் போர்க்கப்பல் மீட்டது, பெண்களும் குழந்தைகளுமாகப் 11 பேரை. வளர்ந்த ஆண் ஒருவன்கூட மிஞ்சவில்லை.

1931-ல் நடுவரான இத்தாலி மன்னர் தீர்ப்பளித்தார்: தீவு 1858 முதலே பிரான்ஸுடையது! அப்படியானால், அந்தச் சிப்பாய்கள் உயிரைக் கொடுத்துக் காவல் காத்தது அயலான் வீட்டுத் திண்ணையைத்தானே?