தேடி வந்தவர்களின் ஊர்

14ஆம் நூற்றாண்டின் நடுவில் தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிக்கு வந்தவர்களுக்குத் தெருவே கண்ணில் பட்டிருக்காது. 1311இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்துபோனது. அதன் பிறகு மதுரையில் சுல்தான்களின் ஆட்சி. ஸ்ரீரங்கத்து நம்பெருமாளே ஊர் ஊராக ஒளிந்து வாழ்ந்த காலம் அது. திருக்குருகூர் என்ற இந்த ஊரின் மக்களும் நம்மாழ்வார் திருமேனியைத் தூக்கிக்கொண்டு மலையாள தேசத்துக்குப் போனார்கள். பல கை மாறி, கடைசியில் அது இன்றைய கர்நாடகத்தின் திருக்கணாம்பி வரைக்கும் போய்விட்டது. ஊர் காலியானது, கோயிலைச் சுற்றிக் காடு மண்டியது.

அந்தக் காட்டை வெட்டித் திருத்தியவர் திருமலையாழ்வார். வைணவர்கள் பின்னால் திருவாய்மொழிப் பிள்ளை என்று கொண்டாடியவர். மதுரையில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், அதை உதறிவிட்டு இங்கே வந்தார். ஆழ்வாரைத் திரும்ப எழுந்தருளச் செய்தார். ஊரின் மேற்கே ராமானுசருக்குத் தனிக்கோயில் எடுத்து, அதைச் சுற்றி நான்கு வீதிகள் வகுத்து, ராமானுச சதுர்வேதிமங்கலம் என்று பெயரிட்டார். அங்கே பத்துக் குடும்பங்களையும் வயதான தாயார் ஒருவரையும் குடியமர்த்தினார் என்கிறது குருபரம்பரை. புது ஊர் அமைக்கிறவர்கள் வீட்டையும் நிலத்தையும் கணக்குப் பார்ப்பார்கள். தனியாக நின்ற மூதாட்டி ஒருவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டதற்காகவே இவரைத் தனியாகப் பாராட்டலாம். 1370இல் இந்த ஊரில்தான் மணவாள மாமுனிகள் பிறந்தார். திருமலையாழ்வாரிடமே பாடம் கேட்டு, பிறகு ஸ்ரீரங்கம் போய்ப் பெரிய ஜீயர் ஆனார்.

தூக்கிக்கொண்டு போக முடியாத ஒன்று மட்டும் அத்தனை ஆண்டும் இங்கேயே நின்றது. அது புளியமரம். ஆதிநாதர் கோயிலுக்குள் மதில் கட்டிக் காக்கப்படும் அதற்கு உறங்காப்புளி என்று பெயர். சாதாரணப் புளியிலை பொழுது சாய்ந்ததும் கூம்பிவிடும். இந்த மரத்தின் இலை கூம்புவதில்லை என்பது ஊரார் நம்பிக்கை. அடிமரம் பொந்து விழுந்து கிளைகளாகப் பிரிந்து நிற்கிறது. பிறந்தது முதல் பேசாமலும் பால் குடிக்காமலும் இருந்த மாறன் என்ற குழந்தை, அதாவது பின்னாளின் நம்மாழ்வார், இதன் அடியில்தான் பதினாறு ஆண்டு அமர்ந்திருந்ததாம். பக்கத்துத் திருக்கோளூரில் பிறந்த மதுரகவி வடதேசத்திலிருந்து தெற்கே தெரிந்த ஒளியைப் பின்பற்றி வந்து, இந்த மரத்தடியில் ஆசானைக் கண்டார் என்பது கதை. இந்த ஊரைத் தேடி வந்தவர்களில் முதல் பெயர் அவருடையது.

இரண்டாவது பெயர் நாதமுனிகள். காட்டுமன்னார்கோயில்காரர். கும்பகோணத்துப் பெருமாள்மேல் யாரோ பத்துப் பாசுரம் பாடக் கேட்டார். அது ஆயிரத்தில் பத்து என்று அந்தப் பாட்டே சொல்ல, மிச்சம் எங்கே என்று தேடிக் குருகூர் வந்து சேர்ந்தார். அதற்குள் ஊரிலேயே அது வழக்கொழிந்திருந்தது. மதுரகவியின் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் புளியமரத்தடியில் பன்னீராயிரம் முறை ஓதி, ஆயிரம் கேட்ட இடத்தில் ஆழ்வார்கள் பாடிய நாலாயிரமும் பெற்றார் என்பார்கள். கதையை அப்படியே ஏற்காதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: திவ்வியப் பிரபந்தம் தொகுப்பாகித் தென்னாட்டுக் கோயில்களில் ஓதப்பட வழிசெய்தவர் நாதமுனிகள்தான்.

தமிழ் இந்த ஊர் வீடுகளிலும் குடியிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயர், மாறன் என்ற ஆழ்வார் பெயரிலேயே மாறனலங்காரம், மாறனகப்பொருள் என்று இலக்கண நூல்கள் எழுதினார். கவிராயர் வீடுகளில் ஏடுகள் அடுக்கடுக்காக இருந்தன. பத்துப்பாட்டுக்குச் சுவடி தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர் இங்கே வந்தது அதனால்தான். ஆனால் லட்சுமணக் கவிராயர் வீட்டுக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தும் வேண்டியது கிடைக்கவில்லை. மனம் உடைந்த நேரத்தில் நம்மாழ்வார் வீதி உலா வந்தார். தமிழ் பாடிய ஆழ்வாரிடமே ஐயர் முறையிட்டுக்கொண்டார். அன்றிரவு கவிராயர் இன்னொரு வீட்டிலிருந்து சுவடி ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். விளக்கு வரும்வரை ஐயருக்குப் பொறுமை இல்லை. நிலா வெளிச்சத்திலேயே பிரித்தார். முல்லைப்பாட்டு என்ற பெயர் கண்ணில் பட்டது. பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. இந்த மாடவீதிகளில் நடக்கிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு, இருபுறத்துப் பழைய திண்ணைகளையும் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

தேடி வந்த எல்லோரும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அல்ல. தாமிரபரணியின் இதே தென்கரையில், சிறிது தூரம் மேற்கே ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியர் யாகோர் அங்கே தோண்டினார். எடுத்தவை பெர்லின் போய்ச் சேர்ந்தன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு இரும்பும் வெண்கலமும் பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது.  

இந்த ஊரின் வாழ்வு ஆற்றோடும் மழையோடும் பின்னியது. நவதிருப்பதிகள் எனப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களில் ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை மூன்றும் தென்கரை; ஸ்ரீவைகுண்டம், இரட்டைத் திருப்பதி உள்ளிட்ட ஆறும் வடகரை. 1869இல் தொடங்கி 1873இல் முடிந்த ஸ்ரீவைகுண்டம் அணை, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது இது ஒன்றுதான். அதிலிருந்து பிரியும் தென்கால் இந்தப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்து கடம்பாகுளத்தை நிரப்புகிறது. 1923இல் திருச்செந்தூர் ரயில் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த ரயில் பாதையில் தண்டவாளத்தடி மண் அரித்துப்போக, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சிக்கிக்கொண்டது.

வைகாசி விசாகம் ஆழ்வாரின் திருநட்சத்திரம். அந்தத் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரு கரைப் பெருமாள்களும் ஆழ்வார்திருநகரிக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்பது கருட வாகனங்களும் வீதியில் வரிசை கட்ட, நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொள்கிறார். மதுரகவியும் உடன் வருகிறார். ஒவ்வொரு பெருமாளுக்கும் உரிய பாசுரத்தை ஓதி முடிக்க நள்ளிரவு தாண்டும். மற்றபடி ஆழ்வாரே பல்லக்கில் நவதிருப்பதிகளுக்குப் போகும் வழக்கமும் உண்டு. அப்போது பல்லக்கு நெல்வயல்களின் ஊடாகவும் போகும்.